‘கிளாப்’ நோயும் கைதட்டல் கதையும்

கொனோரியா எனப்படும் வெட்டை நோய்க்கு ஆங்கில வழக்கில் ‘கிளாப்’ என்றொரு கொச்சைப் பெயர் உண்டு. அப்பெயருக்கு ஒரு கதை வகுப்பறைகளிலும் சமூக ஊடகங்களிலும் சலிக்காமல் சொல்லப்படுகிறது: முற்காலத்தில் நோயுற்ற ஆணுறுப்பை இரு கைகளுக்கிடையே வைத்துத் தட்டிச் சீழை வெளியேற்றினார்களாம், கைதட்டலே நோயின் பெயராயிற்றாம். கேட்பவர் முகம் சுளிக்கிறார், சிரிக்கிறார், அடுத்தவருக்குச் சொல்கிறார். சான்று கேட்பவர் அரிது. மொழியியல் மாணவரும் கேட்பதில்லை என்பதே வருத்தத்துக்குரியது.

ஒலி ஒத்திருப்பதனாலேயே பொருளும் ஒன்றாகிவிடாது. வெட்டை என்ற சொல்லை ‘வெட்டு’ என்னும் வினையோடு முடிச்சுப் போட்டு, பழங்கால அறுவை சிகிச்சை ஒன்றைக் கற்பித்தால் தமிழ் மாணவர் ஏற்பாரா? வெட்டைக்குச் சூடு என்னும் பொருள் அகராதியில் இருப்பதை அவர் உடனே சுட்டுவார். அதே விழிப்பு ஆங்கிலச் சொல்லிடம் மட்டும் ஏன் உறங்கிவிடுகிறது?

சான்றுகளைப் பார்க்கலாம். இந்நோயைக் குறிக்கும் பொருளில் ‘கிளாப்’ 1587-லேயே அச்சேறிவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் அது வினையாகவும் வழங்கியது. அவ்வினையின் பொருள் நோயைத் தொற்றச் செய்தல் என்பதே. ‘கிளாப்’ செய்யப்பட்டவர் நோய் தொற்றியவர். சிகிச்சை பெற்றவர் அல்லர். சிகிச்சையிலிருந்து பெயர் பிறந்திருந்தால், வினையில் அதன் சுவடு எங்கே?

அகராதியியலாளர் காட்டும் வழி பழைய பிரெஞ்சு மொழிக்குச் செல்கிறது. அங்கே ‘கிளாப்வார்’ என்பது அரையாப்பு வீக்கத்தைக் குறித்தது. அதனோடு உறவுடையதாகக் கருதப்படும் ‘கிளாப்பியே’ முயல்வளையைக் குறித்து, பின்னர் பரத்தையர் இல்லத்துக்கும் பெயராயிற்று. இவ்வழி முடிந்த முடிபு அன்று. ‘அநேகமாக’ என்ற சொல்லோடுதான் அகராதிகள் இதைத் தருகின்றன. எனினும் இதற்கு வடிவமும் பொருளும் காலமும் சான்று நிற்கின்றன. கைதட்டல் கதைக்கு ஒலி ஒன்றே துணை.

“வேடிக்கைக் கதைதானே, யாருக்கு என்ன நட்டம்?” என்பார் உண்டு. நட்டம் உண்டு. பிரெஞ்சு வழி சரியானால், இப்பெயருக்குள் ஒரு பழி உறைந்திருக்கிறது: நோய்க்கு அந்த இல்லத்தின் பெயர் ஒட்டியது, அங்கே சென்று வந்தவரின் பெயர் ஒட்டவில்லை. பால்வினை நோய்களின் பெயர்கள் பிறர்மேல் பழி சுமத்துவது புதிதன்று. சிபிலிஸை ஆங்கிலேயர் ‘பிரெஞ்சு நோய்’ என்றனர். 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் இயற்றிய ‘பாவப்பிரகாசம்’ என்னும் வடமொழி மருத்துவ நூல் அதனைப் ‘பிரங்க ரோகம்’ என்றது; தமிழில் அது பறங்கிப்புண். ஐரோப்பியரைக் குறித்த சொல்லே இவ்விரண்டிலும் நோயின் அடையாளமாயிற்று. நோய்ப் பெயர்களின் வரலாறு, யார் யாரைக் குற்றம் சாட்டினார்கள் என்பதன் வரலாறும் ஆகும். கைதட்டல் கதையோ அந்த வரலாற்றைத் துடைத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு நகைச்சுவையை வைக்கிறது.

நகைச்சுவைக்கு வகுப்பறையில் இடமுண்டு. சான்றின் இருக்கையில் அதை அமர்த்துவதற்கு இடமில்லை. அடுத்த முறை இக்கதை எழும்போது ஆசிரியர் தாராளமாகச் சிரிக்கட்டும். அதற்கு முன் 1587 என்ற ஆண்டையும், அவ்வினையின் பொருளையும் கரும்பலகையில் எழுதிவிடட்டும்.