பழி சுமக்கும் பயிற்றுநர்

காற்பந்து இரசிகரின் நீதி விந்தையானது. குழு வென்றால் "நாம் வென்றோம்" என்பார். தோற்றாலோ "பயிற்றுநர் தோற்றார்" என்பார். எதிர்க்குழுவின் வெற்றி அவருக்கு என்றுமே நடுவரின் பிழை. அல்லது பணத்தின் வலிமை!

மான்செஸ்டர் யுனைடெட் குழுவின் வரலாறு இந்நீதியைப் பொய்ப்பிக்கின்றது. 1986 நவம்பரில் பொறுப்பேற்ற அலெக்ஸ் பெர்குசன், முதல் மூன்றாண்டுகளில் ஒரு கிண்ணமும் வெல்லவில்லை. 1989 செப்டம்பரில், உள்ளூர்ப் போட்டியாளரான மான்செஸ்டர் சிட்டியிடம் அவர் குழு 5-1 எனத் தோற்றது. அவர் வெளியேற வேண்டுமெனும் பதாகை சொந்தத் திடலிலேயே உயர்ந்தது. நிருவாகம் அக்கூக்குரலுக்குப் பணிந்திருந்தால், 1990இன் எப்.ஏ. கிண்ணம் ஏது? 26 ஆண்டுகளுக்குப் பின் 1993இல் மீண்ட லீக் பட்டம் ஏது? 2013இல் ஓய்வுபெறுமுன் அவர் வென்று குவித்த 13 லீக் பட்டங்கள்தாம் ஏது?

"வெற்றி காட்டாதவரை எத்தனை நாள் பொறுப்பது?" எனலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஆட்ட முடிவு மட்டுமே அளவுகோலன்று. தோற்ற நாள்களிலும் பெர்குசன் இளம் ஆட்டக்காரர்களைத் தேடி வளர்க்கும் பணியை விரிவாக்கினார். அவ்விதையே 1992இல் இளையோர் எப்.ஏ. கிண்ணமாய் விளைந்தது. விதைப்பவரையும் விதையாதவரையும் பிரித்தறிவதே இரசிகரின் கடமை.

பெர்குசனைப் போற்றியோரும் அப்பாடத்தை மறந்தனர். அவருக்குப்பின் ஆறாண்டு ஒப்பந்தத்துடன் வந்த டேவிட் மொய்ஸ், பத்தே மாதங்களுக்குள், 2014 ஏப்ரலில் விலக்கப்பட்டார். நிலத்தை உழுது முடிக்குமுன் உழவனை விரட்டுவது வேளாண்மையா?

ஒரு தேர்வின் புள்ளியைக் கொண்டு மாணவனை ஒதுக்குதல் தகாது என்கின்றோம். ஆட்டத் திடலுக்கு மட்டும் வேறு நீதி உண்டோ?