கடலுக்கும் முறைப்பாசனம் வேண்டும்

ஏரியில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவது உழவர் வழக்கம். கடலில் மீன் குறைந்தால் என்ன செய்வது?

பிரிட்டனில் ஆண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவு கட்டி, அதில் பெரும்பகுதியை மீன் உற்பத்தியாளர் சங்கங்களிடம் ஒப்படைக்கிறார்கள். சங்கம் அதை உறுப்பினர் படகுகளுக்குப் பிரித்துத் தருகிறது. ஆனால் முன்பு அதிகம் பிடித்தவருக்கே அதிகப் பங்கு. 10 மீட்டருக்குக் குறைந்த சிறு படகுகளே எண்ணிக்கையில் மிகுதி. அவற்றுக்குக் கிடைப்பதோ சொற்பம்.

தமிழகக் கடலில் இத்தகைய அளவு இல்லை. காலமும் எல்லையும் முக்கியக் கட்டுப்பாடுகள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கரையோரக் கடலை 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சிறு படகுகளுக்கு ஒதுக்கியது. அடையாறு ஊரூர் குப்பத்தாருக்கும் மயிலாப்பூர் நொச்சிக்குப்பத்தாருக்கும் அதுதான் வரப்பு.

நாளை அளவு முறை வந்தால் பழைய பிடிப்பை மட்டும் கணக்கிடக் கூடாது. பழவேற்காடு ஏரியின் 'பாடு' முறையில் சீட்டுப் போட்டு, வலை கட்டும் இடத்தை முறை வைக்கிறார்கள். உரிமை இல்லாதவருக்கு இடமில்லை என்பது அதன் குறை; உறுப்பினருக்குள் முறை என்பது நிறை. ஆகவே குப்பத்தாரைக் கலந்து, சிறு படகின் பங்கை முதலில் ஒதுக்க வேண்டும். கடைமடைக்கும் தண்ணீர் சேர்ந்தால்தானே முறைப்பாசனம்!