சிவப்புக் கோட்டு வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலைக் கண்காட்சிக் காலம் என்பதால் பெற்றோரும் சக ஆசிரியர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

இந்த முறை வரலாற்றுப் பாடத்துக்கு 1848 மாத்தளைக் கிளர்ச்சியைச் சிறிய உருவங்களால் காட்டப் போகிறோம். நாங்கள் என்றால் இரண்டு ஆசிரியர்கள், தரம் 9, 10 பிள்ளைகள் பதினான்கு பேர். லண்டனில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் 1/72 அளவுப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் இரண்டு பெட்டி அனுப்பியிருந்தார். ஓர் ஆள் இரண்டரை சென்ரிமீற்றர்கூட இல்லை. மேசையில் போர் விளையாட்டு ஆடுபவர்களுக்கென்று வருபவை. எச்.ஜி. வெல்ஸ் 1913இலேயே பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுவதற்கு விதிகள் எழுதிப் புத்தகம் போட்டவர். எங்களுக்கு ஆட்டம் வேண்டாம், காட்சி போதும்.

பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் தேடியது பிரஷ். நாங்கள் பெயின்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம், இரண்டு வாரத்துக்கு!

காரணம் இருக்கிறது. இவை வளைகிற வகைப் பிளாஸ்டிக். அச்சிலிருந்து இலகுவாகக் கழன்று வரப் பூசிய எண்ணெய்த்தன்மை மேலே ஒட்டியிருக்கும். கழுவாமல் பூசினால் பெயின்ட் பிடிக்காது. இளஞ்சூட்டுத் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல் பிரஷ், பிறகு ஓர் இரவு காயவிட வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு வரம்பு தெரியும். அதை அரத்தால் தேய்த்தால் நார் நாராகக் கிளம்பும். புது பிளேட்டால்தான் சீவ வேண்டும். (பிளேட் வேலையைப் பக்கத்தில் இருந்துதான் செய்வித்தோம், உம்மாமார் பயப்பட வேண்டாம்.) அதன்பின் ஐஸ்கிறீம் குச்சியில் ஒட்டி, தண்ணீர் கலந்த பைண்டர் கம் ஒரு பூச்சு. அது தோல்போல இறுகிய பிறகு சாம்பல் நிற அடிப்பூச்சு. இதெல்லாம் இல்லாவிட்டால் துப்பாக்கி ஒருதரம் வளைந்தாலே பெயின்ட் செதிலாக உதிரும்.

எங்கள் கண்காட்சிகளில் பரிசு வாங்குவது பெரும்பாலும் கடைசிப் பூச்சுத்தான். வாப்பா வெட்டி ஒட்டிய மாதிரிக்குப் பிள்ளை முன்தினம் இரவு வர்ணம் அடித்துக்கொண்டு வருகிறது. நடுவர்களும் மினுக்கத்தைப் பார்த்துப் புள்ளி போடுகிறோம். ஆம், போடுகிறோம், நாங்களும் அப்படி நடுவர்களாக இருந்தவர்கள்தான். இனி பெயின்ட் படாத உருவத்தையும் ஒருநாள் மேசையில் வைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

சிப்பாய்களை விற்கிறார்கள். வரியை எதிர்த்து எழுந்த கிராமத்து மனிதர்களை யாரும் விற்பதில்லை. மெல்லிய கம்பியிலும் எபொக்சி புட்டியிலும் பிள்ளைகளே செய்தார்கள். உருவம் செய்யலாமா என்று ஒரு வாப்பா வந்து கேட்டார். ஆயிஷா நாயகி சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடிய ஹதீஸைச் சொன்னோம். கண் வரையமாட்டோம் என்றும் சொன்னோம். உண்மையில் இந்த அளவில் கண் வரைந்தால் ஆள் பேயறைந்தவன்போல ஆகிவிடுவான், நிழல் போதும்.

அடித்தளத்துக்குத் தடித்த கார்ட்போர்ட், பைண்டர் கம், சலித்த ஆற்று மணல். மணலுக்கு மேல் காயவைத்த தேயிலைச் சக்கையைத் தூவிச் செடிகள் செய்தோம். அவை கோப்பிச் செடிகள்! 1848இல் இங்கே தோட்டம் என்றால் கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை வைத்தது 1867இல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். அடிப்பூச்சு முடிந்து, எந்த நிறம் என்ற கேள்வி வந்தது. பார்க்க வந்த ஒருவர், “சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு, வெள்ளை முகம் அடியுங்க சேர், பார்த்ததும் வெள்ளைக்காரன் என்று விளங்கும்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் 1848 ஜூலை 29இல் வாரியப்பொலவில் கப்டன் லிலியின் கீழ் கிளர்ச்சியாளர்களைச் சுட்டது சிலோன் ரைபிள் படை. அதிகாரிகள் வெள்ளையர். சிப்பாய்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், கலிமா சொன்னவர்கள். ரைபிள் படைக்குரிய கரும்பச்சைக் கோட்டு.

எல்லோரையும் வெள்ளையாகப் பூசினால் யாருக்கும் சங்கடம் இல்லை. அதனால்தான் கூடாது என்கிறோம். புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் கண்டியில் சுடப்பட்டதையும் கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டதையும் மனனம் செய்யும் பிள்ளைக்கு, சம்பளத்துக்காகத் துப்பாக்கி பிடித்த சிப்பாய் யார் என்றும் தெரிய வேண்டும். துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி போட்டு, தெருவில் ஆறு நாள் வேலை செய் என்று சட்டம் போட்டது அந்தச் சிப்பாய் அல்ல என்பதும் தெரிய வேண்டும். இதைச் சொன்னால் சமூகத்துக்குக் கெட்ட பெயர் வருமா என்று நாங்களும் இரண்டு நாள் யோசித்தோம். மறைத்ததை வேறொருவர் எடுத்துச் சொல்லும்போது அது குற்றச்சாட்டாகத்தான் வரும்.

உம்மா பக்கம் மலாய்க் குடும்பமான ஒரு மாணவன், “அந்த ஆறு பேரையும் நான் பூசுறேன் சேர்” என்று குச்சிகளோடு எடுத்துக்கொண்டு போனான். மண்ணிறத்தில் கொஞ்சம் மஞ்சள், ஒரு துளி வெள்ளை கலந்து மாநிறம் எடுத்தான். முதல் கலவை சரிவரவில்லை. தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து மறுபடி கலந்தான். ஆறு பேரும் இப்போது ஆய்வுகூட ஜன்னலோரம் காய்கிறார்கள்.