பந்தயக்காரனின் கண்

விளையாட்டைப் பார்ப்பவன் ஒருவன். பந்தயம் கட்டிவிட்டுப் பார்ப்பவன் வேறொருவன். இருவர் கண்ணெதிரே இருப்பதும் ஒரே மைதானந்தான், காண்பது வேறு. இவ்வுண்மையை நாம் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. 50 டாலர் கொடுத்துக் கற்றோம்.

2006-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி, கலிபோர்னியாவில் பாஸடீனா நகரத்து ரோஸ் பவுல் மைதானத்தில், டெக்ஸாஸ் சர்வகலாசாலைக்கும் ஸதர்ன் கலிபோர்னியா சர்வகலாசாலைக்கும் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி நடந்தது. பெயர்தான் கால்பந்து, முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரியின் எல்லைக்குள் சேர்க்கும் ஆட்டம் அது. அவ்வருஷத்தில் தேசத்துக் கலாசாலைகளுள் முதன்மை எதற்கு என்பதை நிர்ணயிக்கும் ஆட்டமாதலால் 93,000 பேருக்கு மேல் கூடியிருந்தனர். கலிபோர்னியக் குழு அதுவரை தொடர்ச்சியாக 34 ஆட்டங்களில் வென்றிருந்தது.

நாம் அப்போது அந்நாட்டில் ஒரு நண்பர் வீட்டில் டெலிவிஷன் எதிரே அமர்ந்திருந்தோம். நண்பர் ஸதர்ன் கலிபோர்னியாவில் படித்தவர். அங்கு வந்திருந்த மற்றொருவருடன் நாம் பந்தயம் கட்டினோம். அந்நாட்டில் வெற்றி தோல்வியோடு பந்தயம் முடிவதில்லை. பலமான குழு எத்தனை பாயிண்டு வித்தியாசத்தில் ஜயிக்கும் என்று ஒரு கணக்கு வைப்பார்கள். அன்றைய கணக்கு 7. கலிபோர்னியர் அதற்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றால் பணம் நமக்கு; குறைந்த வித்தியாசமானால், அவர்கள் வென்றாலும் நமக்கு நஷ்டமே.

ஆட்டம் முடிய ஏழு நிமிஷங்கூட இல்லை. கலிபோர்னியர் 38, டெக்ஸாஸ் 26. நமது மனம் பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டது. நான்கு நிமிஷம் மிஞ்சியிருந்தபோது டெக்ஸாஸ் 33-க்கு உயர்ந்தது. நண்பர் கலங்கவில்லை. "இன்னும் நாங்கள்தானே முன்னால் இருக்கிறோம்!" என்றார். நமக்கோ முகம் கறுத்துவிட்டது. அவருடைய குழு ஜயித்துக் கொண்டிருக்கையில், அதே குழுவின்மேல் பணம் வைத்த நாம் தோற்றுக் கொண்டிருந்தோம்! இதைவிட விபரீதமான ரசிகத்தன்மை உண்டோ?

பின்னர் நடந்ததை அந்நாட்டார் இன்றும் வியந்து பேசுகின்றனர். இரண்டு கஜம் முன்னேறினால் போதும் என்ற நிலையில் கலிபோர்னியர் தடுக்கப்பட்டனர். பந்து டெக்ஸாஸ் வசமாயிற்று. 26 விநாடி மிஞ்சியிருக்கையில், எல்லைக்கு எட்டுக் கஜ தூரத்தில், கடைசி முயற்சி. வின்ஸ் யங் என்ற இளைஞர் பந்தைத் தாமே ஏந்தி வலப்புறமாக ஓடி எல்லையை அடைந்தார். முடிவு 41-38. நண்பர் கண்ணீர் விட்டார். நாமோ அந்த அற்புதமான ஓட்டத்தின்போது பணப்பையையே நினைத்துக் கொண்டிருந்தோம்.

இப்பழங்கதையை இப்போது கிளறுவானேன்? அன்று நெவாடா முதலிய சில ராஜ்யங்கள் தவிர மற்றவை இத்தகைய பந்தயத்துக்கு அனுமதி வழங்க 1992-ம் வருஷத்துச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 2018 மே 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டத்தை ரத்து செய்தது. அதன்பின் முப்பதுக்கு மேற்பட்ட ராஜ்யங்கள் கதவைத் திறந்துவிட்டன. சட்டைப்பையிலுள்ள டெலிபோனே சூதாட்ட மண்டபமாயிற்று. இன்னின்ன மாணவன் இன்று எத்தனை கஜம் ஓடுவான் என்பதன்மீதும் பணம் வைக்கலாம். தோற்றவர்கள் அம்மாணவனுக்கே வசைகளையும் மிரட்டல்களையும் அனுப்புகின்றனர். 2024-ல் கலாசாலை விளையாட்டு ஸ்தாபனத்தின் தலைவர், தனிப்பட்ட மாணவர்கள்மீது பந்தயம் கட்டுவதைத் தடுக்கும்படி ராஜ்யங்களைக் கேட்டுக்கொண்டார். சில இணங்கின; எல்லாம் இணங்கவில்லை.

தடை இருந்த காலத்திலும் சூது இருந்ததே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். மெய்தான். 1996-ல் பாஸ்டன் காலேஜில் 13 ஆட்டக்காரர்கள் பந்தயம் கட்டியதற்காக விலக்கப்பட்டனர். அவர்களில் இருவர் தங்கள் குழுவுக்கு எதிராகவே கட்டியிருந்தனர். சட்டத்தால் மட்டும் சூதை ஒழித்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. தன் பணத்தைத் தொலைக்க ஒருவனுக்குச் சுதந்தரம் உண்டென்றே வைத்துக்கொள்வோம். தருமபுத்திரர் தமது ராஜ்யத்தை வைத்து ஆடியதோடு நின்றிருந்தால் பாரதக்கதை வேறாயிருக்கும்; தம்பியரையும் பாஞ்சாலியையும் வைத்ததே பாதகம். பத்தொன்பது வயது மாணவன் எந்தப் பந்தயத்துக்கும் சம்மதம் கொடுத்தவன் அல்லன். அவன் காலையும் கையையும் பணயமாக வைக்கப் பிறருக்கு என்ன பாத்தியதை? இந்த ஒரு வகைப் பந்தயத்தையேனும் எல்லா ராஜ்யங்களும் உடனே நிறுத்த வேண்டுமென்பதே நமது திடமான அபிப்பிராயம்.

அன்று கண்ணீர் விட்ட நண்பருக்கு அந்த ஆட்டம் முழுவதும் இன்றும் மனப்பாடம். நமக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அந்த 50 டாலர்தான். இருவரில் அதிகம் இழந்தவர் யார் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.