ஷார்ட் சர்க்யூட்டும் அனாமத்துக் கணக்கும்

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காட்டமான பதிவு. மாடல் ரயில் லேஅவுட்ல ஷார்ட் அடிச்சா "இன்னும் பெரிய பவர் சப்ளை வாங்கிப் போடு" என்று அறிவுரை சொல்லும் அண்ணன்மார்கள் தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: ஹெச்.ஓ. அளவு என்பது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மி.மீ. அந்த ரெண்டு தண்டவாளம்தான் ரெண்டு வயர். ஒன்றில் வரும் கரண்ட், எஞ்சின் மோட்டார் வழியா இன்னொன்றில் திரும்பணும். மோட்டாரைத் தொடாம குறுக்கே பாய்ந்தால் ஷார்ட். பிரேக்கர் ட்ரிப் ஆகும், வண்டியெல்லாம் நிற்கும்.

ட்ரிப் ஆவது வியாதி இல்லை சாமி, அது தகவல்!

கணக்கு போட்டே காட்டறேன். டிஜிட்டல் லேஅவுட், 15 வோல்ட். ஷார்ட் ஆன பாதையில் வயர், இணைப்பு எல்லாம் சேர்ந்து 2.5 ஓம் தடை என்று வைங்க. 6 ஆம்பியர் ஓடும். 5 ஆம்பியர் பிரேக்கர் ட்ரிப் ஆகிடும். 8 ஆம்பியர் பிரேக்கர் "எல்லாம் சுகமே" என்று சும்மா இருக்கும். 90 வாட் சூடு வயரிலும் சக்கரத்திலும் இறங்கும். சாதாரண சால்டரிங் அயர்னே 25 வாட்தான்!

என் சித்தப்பா பையனுக்கு ஒரு கடைக்காரர் "இதைப் போடு தம்பி, ட்ரிப்பே ஆகாது" என்று ஒன்றை விற்றார். நிஜமாவே ட்ரிப் ஆகலை. எஞ்சின் போகிதான் உருகிப் போச்சு.

பி.காம். மக்களுக்குப் புரியும்படி சொன்னா, இருப்பாய்வு சரிக்கட்டலைன்னா வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளுவோமே, பெரிய பவர் சப்ளை அதேதான். பிழை பேரேட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டா இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுவோம் இல்லையா? ஷார்ட்டும் அப்படித்தான். எப்போ வருதுன்னு கேட்டாலே பாதி விடை கிடைக்கும்.

வண்டியே இல்லாம ஷார்ட்டா? முதல்ல தண்டவாளத்து மேல மறந்து வெச்ச ஸ்க்ரூ டிரைவர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா பாதி லேஅவுட்டின் வயரைக் கழட்டுங்க. எந்தப் பாதியில் இருக்கோ அதை மறுபடி பாதியாக்குங்க. 16 பகுதி இருந்தாலும் 4 தடவையில் பிடிபடும். மல்டிமீட்டர் வைக்கிறவங்க பவர் சப்ளையைக் கழட்டிட்டு, எஞ்சின்களையும் விளக்கு போட்ட பெட்டிகளையும் எடுத்துட்டு வைங்க. இல்லைன்னா மோட்டாரின் தடையைப் பார்த்து ஷார்ட்னு ஏமாறுவீங்க. தண்டவாளம் வளைஞ்சு தன்னோடயே வந்து சேருதா? இடது தண்டவாளம் வலதைத் தொடும், ஷார்ட் நிச்சயம். அந்த வளையத்தை ரெண்டு முனையிலும் இன்சுலேட் பண்ணி, துருவம் மாற்றும் சுவிட்ச் போடணும். மார்க்ளினின் மூணு தண்டவாள முறையில் இந்தத் தொல்லையே கிடையாது, ஏன்னா அங்கே ரெண்டு வெளித் தண்டவாளமும் ஒரே துருவம்.

பாயிண்ட் மாத்தினா மட்டும் ஷார்ட்டா? உலோக ஃபிராக் உள்ள பாயிண்டில், ஃபிராக்குக்கு அப்பால் பிளாஸ்டிக் இணைப்பான் போட்டிருக்கான்னு பாருங்க.

ஒரு குறிப்பிட்ட வண்டி, ஒரு குறிப்பிட்ட இடம்? சக்கர இடைவெளியை கேஜ் வெச்சு அளங்க. சக்கர ஜோடியில் ஒரு பக்கம்தான் இன்சுலேஷன் இருக்கும். உலோகப் போகியில் ஒன்றைத் திருப்பி மாட்டினாலும் ஷார்ட்தான்.

இதுல எதுக்காவது 8 ஆம்பியர் தேவைப்பட்டதா? காசு செலவாச்சா?

"12 வோல்ட், 15 வோல்ட்தானே, பொம்மைதானே, ஷாக்கா அடிக்கப்போகுது?" என்பார்கள். ஷாக் அடிக்காது. ஆனா சுடும். லேஅவுட் எதுல செய்றோம்? பிளைவுட், தெர்மாகோல் மலை, காய்ந்த பஞ்சுப் புல். பக்கத்தில் நிற்பது குழந்தைகள்.

கார் பல்பை சீரியஸில் போடும் பழைய ஆட்களையாவது மதிக்கலாம். கரண்ட் சுமார் 2 ஆம்பியரில் அடங்கும், எந்தப் பகுதியில் கோளாறுன்னு பல்பே எரிஞ்சு காட்டும். அது தவறை மறைக்கலை, வெளிச்சம் போட்டுக் காட்டுது!

கடைசியா ஒரு சோதனை. ரெண்டு ரூபாய் நாணயத்தை ஒவ்வொரு பகுதியின் கடைக்கோடியிலும் தண்டவாளத்துக்குக் குறுக்கே வைங்க. பிரேக்கர் உடனே ட்ரிப் ஆகணும். ஆகலைன்னா வயர் ஒல்லி அல்லது இணைப்பு சரியில்லை. தடிமனான வயர் போடுங்க, ஃபீடர்களைக் கூட்டுங்க. பெரிய பவர் சப்ளை வாங்க வெச்சிருந்த காசு அதுக்கே போதும், மிச்சமும் ஆகும்.

ஒத்துக்காதவங்க சண்டைக்கு வரலாம். நாணயத்தோட வாங்க :-)