காட்டைக் காண யாருக்கு உரிமை?

கடலோரத்தில் மழைக்காடு, காட்டுக்குள் சொகுசு விடுதி, காலையில் பறவை, மாலையில் ஆமை என்று ஒரு வியாபாரம் இன்று உலகெங்கும் கொழுத்து வளர்ந்திருக்கிறது. நமது நாட்டில் இதற்குப் பேர்போன இடம் அந்தமானிலுள்ள ஹாவ்லாக் தீவு. 2018இல் சர்க்கார் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றியது. சுயராஜ்யம் யாருக்கு வந்திருக்கிறது என்பதை அங்கே அறை வாடகை விசாரித்தால் தெரிந்து கொள்ளலாம். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி 319 ரூபாய். ஒரு விவசாயத் தொழிலாளிக்கு நூறு நாளும் வேலை கிடைத்தது என்றே வைத்துக் கொள்வோம் (கிடைத்தவர் எத்தனை பேர் என்பது வேறு கதை). கைக்கு வருவது 31,900 ரூபாய். அந்தத் தீவின் ராதாநகர் கடற்கரையில், சீஸன் நாளில் ஓர் இரவுக்கு இதைவிட அதிகம் வாங்கும் விடுதி உண்டு.

பணம் உள்ளவன் காட்டைப் பார்த்தால் உனக்கென்ன வயிற்றெரிச்சல் என்று சிலர் கேட்பார்கள். வயிற்றெரிச்சல் அல்ல, தோழர்களே. கணக்குக் கேட்கிறோம்.

ராஜன் என்றொரு யானை இருந்தான். மரம் இழுப்பதற்காக இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அந்தமானுக்குக் கொண்டு போன யானைகளில் ஒருவன். வெட்டிய மரத்தைக் காட்டுக்குள்ளிருந்து கரைக்கு இழுத்து வர வேண்டும். ஒரு தீவில் வேலை முடிந்தால் அடுத்த தீவுக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் யானைகளுக்கு நீச்சல் பழக்கினார்கள். 2002இல் சுப்ரீம் கோர்ட் அந்தமானில் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. ராஜனுக்கு வேலை போயிற்று. பிற்பாடு ஹாவ்லாக்கில் ஒரு விடுதியில், வந்தவர்கள் பார்க்கக் கடலில் நீந்துவது அவன் வேலையாயிற்று. பல தேசத்துக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். 2016இல், சுமார் 66 வயதில், செத்துப் போனான். அந்த விடுதி அவனைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றியது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நீச்சல் விளையாட்டல்ல, கூலி வேலையின் மிச்சம் என்று பார்த்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

யானை தனியாக இழுக்கவில்லை. சோட்டாநாகபுரியிலிருந்து ஆதிவாசித் தொழிலாளர்களை வெள்ளைக்காரன் காலத்திலேயே காட்டு வேலைக்குக் கொண்டு போனார்கள். ராஞ்சிக்காரர் என்று அவர்களுக்குப் பெயர். ஹாவ்லாக்கில் காட்டைத் திருத்தி நெல் விதைத்தவர்களோ கிழக்கு வங்கத்திலிருந்து 1950களில் அகதிகளாக வந்த ஏழைகள். அந்தமான் மரம் நமது சென்னைத் துறைமுகத்திலும் வந்து இறங்கியது. அதைச் சுமந்த தோள்களுக்கு அந்தக் காடு எப்படியிருக்கும் என்று காட்டியவர் யார்?

அங்கே பறவையைத் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்த்துப் பரவசப்படுகிற வர்க்கம்தான் இங்கே என்ன செய்கிறது? 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெய் அப்பிப் பறக்க மாட்டாமல் தவித்தன. மீனவர்களின் வலையும் படகும் பாழாயின. மீனவர்களே வாளியும் கையுமாக அந்த எண்ணெயை அள்ளினார்கள். ராஜன் இருந்த அதே தீவுக் கூட்டத்தின் தெற்குக் கோடியிலும் பாருங்கள். பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடா, உலகத்துக் கடலாமைகளிலேயே பெரிய ஆமை வந்து முட்டையிடும் கரை. 2021இல் அந்தச் சரணாலயத்தை ரத்துச் செய்தார்கள். 2022இல் அங்கே துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் கட்ட அனுமதி கொடுத்தார்கள். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்குப் போகிறது. காட்டை நம்பியே வாழும் ஷொம்பேன் மக்கள் சில நூறு பேர்தான். போகிற காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவார்களாம்! ஆமை ஹரியானாவுக்கு நீந்திப் போக வேண்டியதுதான்.

காடும் கடலும் உழைப்பாளிக்கு எதற்கு, அவனுக்குச் சோறு போதாதா என்று நினைப்பவர்கள் நமது சங்கங்களிலேயே இருக்கிறார்கள். 1936இல் பிரான்ஸ் தேசத்துத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமா வாங்கினார்கள்? வருஷத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவும் வாங்கினார்கள். அந்தக் கோடையில்தான் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் முதல் முதலாகக் கடலைப் பார்த்தன. நமது நாட்டில் 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள லீவு என்று எழுதி வைத்தது. எண்ணூர், திருவொற்றியூர் காண்டிராக்ட் தொழிலாளியிடம் கேளுங்கள்: லீவு கேட்டவனுக்கு மறுநாள் வாசலில் வேலை இருக்குமா? விவசாயத் தொழிலாளிக்கோ அப்படியொரு லீவே கிடையாது.

எண்ணூரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. பனிக்காலத்தில் அங்கே பூநாரைகள் கூட்டங் கூட்டமாக இறங்குகின்றன. ஆயுசு முழுதும் இங்கே உழைத்து, அதை ஒரு தடவைகூடப் பார்க்காமல் கண் மூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்! சங்கங்கள் கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது லீவு என்ற வரி எப்போதும் கடைசியில் போய் நிற்கிறது. பேச்சு வார்த்தையில் முதலில் விட்டுக் கொடுப்பதும் அதையே. இந்த வருஷம் அதை மேலே ஏற்றி எழுதுங்கள். அதோடு, காட்டிலாகா விடுதிகளில் தொழிலாளர் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் அறை ஒதுக்க வேண்டும் என்றும் சர்க்காரிடம் கேளுங்கள்.