அடிச்சட்டிக் குழம்பு யாருக்கு?

இரவு மணி ஒன்பது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு ஆயிற்று. பெரியவர் டெலிவிஷன் முன்னால் வெற்றிலை மடிக்கிறார். பிள்ளைகள் பாயை விரித்துவிட்டார்கள்.

அடுப்படியில் மட்டும் விளக்கு எரிகிறது. சமைத்தவள் இப்போதுதான் தட்டை எடுக்கிறாள். பானையில் சோறு இருக்கிறது. குழம்புச் சட்டியைச் சாய்த்துப் பார்க்கிறாள். அடியில் கொஞ்சம் மண்டி. காயும் இல்லை, பருப்பும் இல்லை. கீரைச் சட்டி காலி. இரண்டு கைச் சோற்றில் மோரை ஊற்றிக் கரைத்துச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் தேய்க்கப் போகிறாள்.

"நீயும் எங்களோடு உட்காரேம்மா" என்று மாமியார் சொல்லத்தான் செய்தார். "இருக்கட்டும் அத்தை. அவங்க எல்லாம் முதல்லே சாப்பிடட்டும்" என்றாள் மருமகள். அந்த மாமியாரும் ஒரு காலத்தில் இதே பதிலைச் சொன்னவர்தான்!

இது எந்த ஊரில் நடக்கிறது? எந்த ஊரில் நடக்கவில்லை என்று கேட்பது சுலபம்.

கணக்கு என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. வீடு வீடாகப் போய், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை! அதே வயது ஆண்களில் 100க்கு 25 பேருக்குத்தான். தமிழ்நாட்டுப் பெண்களிலும் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்களே.

பெண்ணுக்கு மாதாமாதம் ரத்தம் போகிறது. பிரசவத்தில் போகிறது. ஆகவே வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால், அதிகம் இழப்பவளுக்கு அதிகம் கொடுப்பதுதானே நியாயம்? நாள் ஒன்றுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்து தேவை, பெண்ணுக்கு 29 மில்லிகிராம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-ல் கணக்கிட்டுச் சொன்னது. அடுப்படியில் நடப்பதோ நேர்மாறு. 19 வேண்டியவருக்குக் கீரை. 29 வேண்டியவளுக்கு மோர்!

இது வறுமையால் மட்டும் வருவது அல்ல. பணம் உள்ள வீட்டிலும் நடக்கிறது. வழக்கத்தால் வருகிறது. ஆகவே இதற்கு மருந்து, பெரிய செலவு இல்லாத அன்றாடச் சமையலிலேயே இருக்கிறது.

கீரைக் கடைசல்

கீரை ஏழை வீட்டு உணவு என்று ஒரு காலத்தில் ஏளனம் செய்தார்கள். ஏளனம் செய்தவர்கள் இப்போது அதையே மாத்திரையாக விழுங்குகிறார்கள்!

ஐந்து பேருக்கு அளவு இது. துவரம்பருப்பு 150 கிராம், அரைக்கீரையோ முளைக்கீரையோ பெரிய கட்டு ஒன்று, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஐந்து பல், பச்சை மிளகாய் மூன்று, சீரகம் ஒரு சிட்டிகை.

பருப்பை மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேகவிட வேண்டும். கீரையை முதலில் மண் போக மூன்று தண்ணீரில் அலசி, பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்தும் தண்ணீரோடு போய்விடும். வெங்காயம், பூண்டு, மிளகாய், சீரகத்தோடு கீரையைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். மூடாமல் வேகவைத்தால் நிறம் மாறாது. வெந்ததும் பருப்பையும் உப்பையும் சேர்த்து, மத்தால் கடைய வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் பசைபோல் ஆகிவிடும். கடைந்த ருசி வராது. கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய் தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கீரையில் உள்ள இரும்புச் சத்து சுலபத்தில் உடம்பில் சேராது. அதைச் சேர்ப்பதற்குப் புளிப்புப் பழத்தில் உள்ள 'சி' வைட்டமின் உதவி செய்கிறது. ஆகவே கடைசலை இறக்கி, சூடு சற்று ஆறிய பிறகு, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துவிட வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் அந்த வைட்டமின் வெந்து வீணாகும்.

சாப்பிட்ட கையோடு காப்பியோ டீயோ குடிக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. காப்பியும் டீயும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். எலுமிச்சம்பழத்துக்கு ஆகும் காசு அப்போதுதான் பலன் தரும்.

கறி சாப்பிடுகிற வீடு என்றால் இன்னும் சுலபம். மீனிலும் கறியிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சீக்கிரம் சேரும். ஆட்டுக் கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டால் கொடுப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கும், சோகை பிடித்தவளுக்கும் அதை வாங்கிக் கொடுக்கச் சொல்லும் பாட்டிமார்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பாட்டி சொன்னது சரி. சுவரொட்டியில் இரும்புச் சத்து ஏராளம். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு, வறட்டி எடுத்தால் போதும். சிறிய துண்டுதான். அதையும் பங்கு போடாமல், யாருக்கு வாங்கினார்களோ அவளுக்கே கொடுக்க வேண்டும்.

மிளகு ரசம்

உடம்பு சரியில்லாதபோது மனசு தேடுவது ரசம். வெள்ளைக்காரர்கள் இதைக் குடித்துப் பார்த்து, மிளகுத்தண்ணீர் என்ற பெயரையே 'மல்லிகடானி' என்று திரித்து, தங்கள் நாட்டுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே அதில் கறியையும் போட்டு, வேறு என்னென்னவோ செய்துவிட்டார்கள்!

மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், பூண்டு நான்கு பல். மூன்றையும் அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ள வேண்டும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைப் பிசைந்து விட்டு, உப்பும் மஞ்சளும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட வேண்டும். தட்டிய சாமானைப் போட்டு, பருப்பு வேகவைத்த தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்ற வேண்டும். இனிக் கொதிக்கக் கூடாது. நுரை கட்டி மேலே வந்ததும் இறக்கிவிட வேண்டும். பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொத்தமல்லித் தழை தூவினால் போதும்.

ரசத்திலும் ஓர் அநியாயம் உண்டு. தெளிவு மேலே நிற்கும். பருப்பும் மிளகும் அடியில் தங்கும். கலக்கி ஊற்றாமல் மேலாக ஊற்றினால், கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு மிளகுக் காரம்தான் மிஞ்சும். கலக்கி ஊற்றுங்கள்!

பழைய சோறு

ராத்திரிச் சோறு மிஞ்சினால், சூடு ஆறிய உடனே தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். மண்சட்டி என்றால் நல்லது. காலையில் அது இலேசாகப் புளித்திருக்கும். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டக் கூடாது. மோரும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டால் வெயில் தெரியாது. கோடைகாலத்தில் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். நாற்றம் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

புழுங்கலரிசியாக இருந்தால் இன்னும் விசேஷம். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள 'பி' வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இந்த வைட்டமினின் கதை கோழிகளிடத்தில் தொடங்கியது. சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் ஜாவா தீவில் ஐக்மான் என்ற டச்சு டாக்டர், தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதைப் பார்த்தார். தவிடு நீக்காத அரிசியைப் போட்டதும் அவை எழுந்து நடந்தன! 'பெரிபெரி' என்னும் நோயின் ரகசியம் அதிலிருந்து தெரியவந்தது. அவருக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. சோறு வடித்த கஞ்சியிலும் இந்த வைட்டமின் கொஞ்சம் இறங்குகிறது. கஞ்சியைச் சாக்கடையில் கொட்டுவது நல்லதல்ல. உப்புப் போட்டுக் குடிக்கலாம், குழம்பிலும் சேர்க்கலாம்.

ஆனால் ஒன்று. பழைய சோறு நல்லது என்பதற்காக, அதை எப்போதும் ஒருத்திக்கே ஒதுக்கிவிடக் கூடாது. மற்றவர்களுக்கு இட்லி, அவளுக்கு மட்டும் பழையது என்றால், அங்கே பேச வேண்டியது வைட்டமினைப் பற்றி அல்ல.

எடுத்து வை

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பசியை இந்த நாட்டில் அரசாங்கமே கவனித்தது. காமராஜர் 1956-ல் மதிய உணவு கொடுக்கத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022-ல் காலை உணவும் வந்தது. பிள்ளைக்குத் தட்டு வைக்கச் சட்டம், திட்டம், சமையல்கூடம் எல்லாம் உண்டு. தாய்க்குத் தட்டு வைக்க எந்த மந்திரி வருவார்? அது வீட்டுக்காரரின் வேலை.

செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். சமைத்து முடித்ததும், யாருக்கும் பரிமாறுவதற்கு முன்னால், சமைத்தவளின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைக்க வேண்டும். கீரையில் ஒரு கரண்டி, பருப்பில் ஒரு கரண்டி, முட்டையோ மீனோ உண்டென்றால் அதிலும் ஒன்று. அவளாக எடுத்து வைக்க மாட்டாள். கூச்சப்படுவாள். கணவன் எடுத்து வைக்கலாம். மாமியார் எடுத்து வைத்தால் மருமகளால் மறுக்க முடியாது.

எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் இந்தக் கிண்ணமும் தேவையில்லை. சட்டிகளை நடுவில் வைத்துவிட்டால் போதும், அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கேட்கிறவர் தாமே எழுந்து போய் ஊற்றிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

அடிக்கடி தலைசுற்றல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், நகமும் கண்ணின் உள்பக்கமும் வெளுத்திருத்தல் — இவை இருந்தால் கீரையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதிக்கிறார்கள். இரும்புச் சத்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும். அதைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் பலர். பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம்தான். டாக்டர் சொன்ன நாள் வரையில் சாப்பிட வேண்டும். மாத்திரையையும் காப்பியோடு விழுங்கக் கூடாது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாலான வீடுகளில் ஆண்பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது, அடுப்படிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். கீரைச் சட்டியில் இன்னும் ஒரு கரண்டி இருக்கிறதா?